முன்சீட்டுக்காரி

எனக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. முன்பெல்லாம் இதைச் சொல்ல வெட்கப்படுவேன். இப்போது முப்பத்தொன்பது வயதாகிறது, வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு வேனில், விளாத்திகுளம் தாண்டுவதற்குள், மாமியாரின் புதுப் பட்டுச்சேலையில் வாந்தி எடுத்தவள் நான். அந்தச் சேலையை அவர்கள் அதற்குப் பிறகு கட்டவே இல்லை. என் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள். சேலை எங்கே என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

எங்கள் ஊர் நாகலாபுரத்துக்குப் பக்கம். வேலை கோவில்பட்டியில், ஒரு தீப்பெட்டி ஆபீசில். வெளியூர்க்காரர்கள் ஆபீஸ் என்றதும் மேசை, நாற்காலி, மின்விசிறி என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கே ஆபீஸ் என்றுதான் பெயர். பதினேழு வருடமாக நான் மருந்துப் பிரிவில் இருக்கிறேன். குச்சித் தலையில் மருந்து ஏற்றி, காயவைத்து, பெட்டியில் அடைக்கிறவர்களிடம் அனுப்புவது எங்கள் பாடு. உரசினால் பற்றுகிற மருந்து அது. செருப்பைக்கூட வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அந்தப் பிரிவுக்கு சூப்பர்வைசராக இருந்தவர் போன தை மாதம் வேலையை விட்டுவிட்டு மகனோடு திருப்பூர் போய்விட்டார். அந்த இடத்தில் இதுவரை ஒரு பெண் இருந்ததில்லை. முதலாளி முத்துகிருஷ்ணன் அண்ணாச்சி என்னையும் மாரிராஜையும் கூப்பிட்டுவிட்டார். மாரிராஜுக்கு இருபத்தாறு வயது, டிப்ளமா படித்தவன், தங்கமான பிள்ளை. நான் பத்தாவதோடு சரி. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் காயப்போடுகிற அறையில் ஒரு தட்டு குப்பென்று பற்றியபோது, ஆண்களெல்லாம் தீயணைக்கிற சிலிண்டரைத் தேடிக்கொண்டிருக்க, ஈரச்சாக்கைத் தூக்கி அதன் மேல் போட்டவள் நான். முதலாளி அதை மறக்கவில்லை. உனக்குக் கொடுக்கத்தான் நினைத்திருக்கிறேன் இசக்கிச்செல்வி, ஆனால் ஒரு பரீட்சை இருக்கிறது, இரண்டு பேரும் எழுதியாக வேண்டும் என்றார்.

எனக்கு அந்த வேலை வேண்டும் என்று ஆசையாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? வாசனையை வைத்தே இன்றைக்கு மருந்துக் கலவை சரியில்லை என்று கண்டுபிடித்துவிடுவேன். அதைச் சொன்னால் கேட்கிறார்களா என்பதுதான் இத்தனை வருடமாக என் பிரச்சினை.

பரீட்சை என்றால் பேனாவால் எழுதுகிற பரீட்சை இல்லை. வெளிநாட்டில் எங்கள் பெட்டியை வாங்குகிறவர்கள், ஒவ்வொரு சூப்பர்வைசரும் தீ விபத்துப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பயிற்சியைக் கொண்டுவந்தவள் ஆனந்தி. ஓட்டப்பிடாரத்துப் பெண், கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவள் ஒரு பெட்டியைத் திறந்து, வி.ஆர். கண்ணாடி என்று கறுப்பாக ஒன்றை எடுத்தாள். கண்ணை மூடினாற்போல முகத்தில் வைத்துப் பின்மண்டையில் வார்போட்டு இறுக்க வேண்டும். உள்ளே ஒரு தொழிற்சாலை தெரியும். நாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்போம், அது நம்மைத் தானாகவே அந்தத் தொழிற்சாலைக்குள் கூட்டிக்கொண்டு போகும். படி ஏறும், குடோனுக்குள் நுழையும், திரும்பும். எங்காவது தீப்பற்றும். எந்தச் சுவிட்சை அணைக்க வேண்டும், எந்தக் கதவு வழியாக ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்று கையில் உள்ள கருவியால் காட்ட வேண்டும். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். நடுவில் கழற்றக் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் கண்ணை மூடினால் முதலிலிருந்து ஆரம்பித்துவிடும். ஒரு ஆளுக்கு மூன்று வாய்ப்பு. நாம் பார்ப்பதெல்லாம் சுவரில் உள்ள டி.வி.யிலும் தெரியும், ஊரே பார்க்கலாம்.

மாரிராஜ் திங்கட்கிழமை காலையிலேயே முடித்துவிட்டான். கழற்றிக் கொடுக்கும்போது, இன்னொரு தடவை பார்க்கலாமா என்று கேட்டான்.

நான் தூரத்துப் பிரயாணத்துக்குக் கிளம்புவது மாதிரி தயாராகி வந்திருந்தேன். காலையில் எதுவும் சாப்பிடவில்லை. இடுப்பில் பாலித்தீன் கவர். கையில் பாதி எலுமிச்சம்பழம். பஸ்ஸில் அதை மோந்துகொண்டே வந்தால் கொஞ்சம் தாங்கும். கண்ணாடியை மாட்டினால் இரண்டு கையிலும் கருவி இருக்கும், பழத்தை எப்படிப் பிடிப்பது? யாருக்கும் தெரியாமல், மூக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்த சந்தில் அதைச் செருகிக்கொண்டேன். எனக்கு அப்போது அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

முதல் நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு அது நடக்க ஆரம்பித்தது. நான் நாற்காலியில் இருக்கிறேன், தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் தெரிகிறது, கண்ணோ நீ நடந்துகொண்டிருக்கிறாய் என்கிறது. அது இடது பக்கம் திரும்பியதும் என் குடல் மட்டும் வலது பக்கமே நின்றுவிட்டது. நெற்றியில் வேர்வை, வாயெல்லாம் எச்சில். பஸ்ஸில் செய்வது போலக் கண்ணை மூடினேன். முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடியும் மூடினேன். மறுபடியும் முதலிலிருந்து. மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். மணம் போதவில்லை என்று கண்ணாடியை மூக்கோடு சேர்த்து அழுத்தினேன். சாறு பீய்ச்சி வலது கண்ணுக்குள் போய்விட்டது.

கத்திவிட்டேன். கண்ணாடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு வெளியே ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தேன். என் நேரத்தைப் பாருங்கள், நான் கத்தின அதே விநாடியில் டி.வி.யில் தீ பற்றியிருக்கிறது. மேனேஜர் பெருமாள்சாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் கண்ணால் கண்டதை உடனே தீர்ப்பாக எழுதிவிடுவார். சாயங்காலத்துக்குள் ஆபீஸ் முழுக்கப் பேச்சு, இசக்கிச்செல்விக்குத் தீயைக் கண்டால் பயமாம், பொம்மைத் தீக்கே அலறிவிட்டாளாம் என்று.

நான் வாயைத் திறக்க முடியுமா? எலுமிச்சம்பழத்தைச் சொன்னால், கண்ணாடியில் சாற்றை ஊற்றினவள் என்று அதற்கும் ஒரு பஞ்சாயத்து வரும். ஆனந்தி அந்தக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, இதில் எப்படிப் பிசுபிசுப்பு வந்தது என்று குழம்பிக்கொண்டிருந்தாள். மனது கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, என்னாலும் அதை ஐந்து நிமிடத்துக்கு மேல் போட முடியாது, டி.வி.யில் பார்த்துத்தான் சரிபார்க்கிறேன், கம்பெனியில் சொல்லிவிடாதீர்கள் அக்கா என்றாள்.

அவள்தான் விவரம் சொன்னாள். காதுக்குள் ஒரு நீர் இருக்கிறதாம், நாம் அசைந்தால் அதுவும் அசைந்து மூளைக்குச் சொல்லுமாம். கண்ணாடிக்குள் கண் அசைகிறேன் என்கிறது, காது சும்மா இருக்கிறேன் என்கிறது. இரண்டு சாட்சியும் மாற்றிச் சொன்னால், ஏதோ விஷத்தைத் தின்றுவிட்டோம் என்று உடம்பு முடிவுகட்டி எல்லாவற்றையும் வெளியே தள்ளப் பார்க்கிறது, அப்படியும் சிலர் சொல்கிறார்கள் என்றாள். இதில் பயத்துக்கு எங்கே இடம் என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றாள். போய் மேனேஜரிடம் சொல் என்றேன். சொல்லியிருக்கிறாள். மாரிராஜுக்கும் காது இருக்கிறதே என்று அவர் கேட்டாராம்.

புதன்கிழமை இரண்டாவது வாய்ப்பு. மருந்துக்கடையில் வாந்தி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். வாந்தி வரவில்லை, தூக்கம் வந்தது. ஐந்தாவது நிமிடத்தில் கண் சொக்கி, முதலிலிருந்து ஆரம்பித்து, மறுபடியும் சொக்கி, ஆனந்தியே வந்து கழற்றிவிட்டாள். பெருமாள்சாமி என்னைத் தனியாக அழைத்தார்.

"விட்டுரும்மா. பயம் எல்லாருக்கும் உள்ளதுதான். பெட்டிப் பிரிவுக்கு மாத்திவிடுதேன், அங்கன தீயும் இல்ல ஒண்ணும் இல்ல."

என் நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. சூப்பர்வைசர் வேலை போனால் போகட்டும், இருக்கிற வேலையும் போகிறது. பதினேழு வருடம் தீயோடு குடும்பம் நடத்தினவளைத் தீக்குப் பயந்தவள் என்று பெயர் வைத்து அனுப்பப் பார்க்கிறார்கள். கைகழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கம்பெனி வேனில் என் இடம் எனக்குக் கிடைக்கவில்லை. என் இடம் என்பது முன்சீட்டு. மருந்துப் பிரிவு முத்துமாரியம்மாளுக்குக் கால் பிசகி வீங்கியிருந்ததால் அவளை அங்கே உட்காரவைத்துவிட்டு நான் பின்னால் போனேன். பின்னால் எதிரும் புதிருமாகப் பலகை, பதினாறு பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். எட்டயபுரம் வருவதற்குள் இரண்டு தடவை கவரைப் பிடித்தேன்.

எனக்கு எதிரே இருந்த சொர்ணத்தாயின் தூக்குவாளி கவிழ்ந்து, மிச்சக் குழம்பு முழுவதும் அவள் மடியில். அவள் என்னைத்தான் திட்டினாள்.

"நீ சொல்லாம வந்தா நாங்க எப்படிட்டி பிடிப்போம்?"

அவள் திட்டியதில் நியாயம் இருந்தது. கரிசல் மண்ணில் போட்ட ரோடு ரொம்ப நாள் ரோடாக இருக்காது. மழைக்கு மண் உப்பும், வெயிலுக்கு வெடித்துச் சுருங்கும், மேலே கிடக்கிற தார் ஏறி இறங்கிக் கிடக்கும். முன்சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தபோதே இவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். முன்னால் பார்த்துக்கொண்டு வருகிறவள், பள்ளம் வருகிறது, தூக்கப் போகிறது, இடது கைப்பக்கம் வளைவு என்று முன்கூட்டியே குரல் கொடுக்க வேண்டும். பின்னால் இருப்பவர்கள் வாளியைப் பிடித்துக்கொள்வார்கள், உடம்பைச் சாய்த்துக்கொள்வார்கள். பதினேழு வருடமாக நான் கத்திக்கொண்டு வந்திருக்கிறேன். அதே ரோடு, அதே வேன், அதே நான். முன்னால் இருந்தால் ஒன்றும் செய்வதில்லை, பின்னால் வந்தால் குடலைப் பிடுங்குகிறது. இது ஏன் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக யோசித்தேன்.

இறங்கும்போது கடற்கரை என்கிற எங்கள் டிரைவரிடம், நீ எப்போதாவது வாந்தி எடுத்திருக்கிறாயா என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஸ்டியரிங் பிடிச்சவனுக்கு என்னத்துக்குக்கா வாந்தி வருது? திருப்பப் போறது எனக்கு முந்தியே தெரியும்லா."

வியாழக்கிழமை காலையில் முதல் வேலையாக ஆனந்தியைப் பிடித்தேன். அந்தக் கண்ணாடிக்குள் போகிற வழி ஒவ்வொரு தடவையும் மாறுமா என்று கேட்டேன். வழி மாறாது, தீப்பிடிக்கிற இடம் மட்டும் மாறும் என்றாள். எனக்கு அது போதும். டி.வி.யைப் பார்த்து வழியை மனப்பாடம் செய்ய வேண்டும், யாராவது போட்டுக் காட்ட வேண்டும். ஆனந்தியால் ஐந்து நிமிடத்துக்கு மேல் முடியாது. வேறு வழியில்லாமல் மாரிராஜிடம் போனேன். நான் ஜெயித்தால் வேலை அவனுக்கு இல்லை, அது அவனுக்கும் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் நான்கு தடவை போட்டுக் காட்டினான். கேட்டால், எனக்கு விளையாட்டுத்தானே அக்கா என்றான். நான் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து மகளின் பழைய நோட்டில் குறித்துக்கொண்டேன். நீல டிரம், இடது. பதினோரு படி, மேலே. குடோன் வாசல், வலது. அன்றைக்கு ராத்திரி சோறு வடிக்கும்போதும் அதே பாடம்தான்.

வெள்ளிக்கிழமை கடைசி வாய்ப்பு. முதலாளியும் வந்திருந்தார். கண்ணாடியை மாட்டுவதற்கு முன், நான் பேசிக்கொண்டே வருவேன் என்று சொன்னேன். பெருமாள்சாமி அது கூடாது என்றார், பரீட்சையில் பேசினால் எப்படி என்றார். ஆனந்தி விதிகள் எழுதின தாளை எடுத்து ஒரு தடவை முழுவதும் படித்துவிட்டு, பேசக் கூடாது என்று இதில் இல்லை சார் என்றாள்.

ஆரம்பித்தது. வேனில் கொடுக்கிற அதே குரலில் நான் கொடுத்தேன். இடது கைப்பக்கம் திரும்பப் போறோம் என்று சொல்லிவிட்டு உடம்பை இடது பக்கம் சாய்த்தேன். அதற்குப் பிறகுதான் கண்ணாடி திரும்பியது. குடல் கூடவே வந்தது. படி வருது, ஏறப் போறோம் என்று நாற்காலியில் இருந்தபடியே குதிகாலைத் தூக்கினேன். ஏறியது. தலை கனத்தது, வேர்த்தது, ஆனால் எனக்கு வருவது இன்னதென்று தெரிந்திருந்தது. முதல் தீயை அணைத்தேன். இரண்டாவதுக்கு ஆட்களை வெளியே அனுப்பினேன். ஒன்பது நிமிடம் ஆகிவிட்டது என்று ஆனந்தி சொன்னது காதில் விழுந்தது.

அப்போது பின்பக்கம் மூலையில் மூன்றாவது தீ பற்றியது. நான் எதிர்பார்க்காத இடம். கண்ணாடி என்னைச் சட்டென்று சுழற்றித் தீக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. அதற்கு நான் குரல் கொடுத்திருக்கவில்லை. வயிறு மேலே வந்துவிட்டது. கழற்றினால் தோல்வி. கண்ணை மூடினால் முதலிலிருந்து. அப்போது எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. இடது கையில் இருந்த கருவியை மடியில் போட்டேன், இடுப்பிலிருந்து கவரை உருவினேன், வாயருகே பிடித்தேன். கண்ணைத் திறந்தபடியே வாந்தி எடுத்தேன். வலது கை மெயின் சுவிட்சைத் தேடிக் காட்டியது. அது அணைந்தது. இன்னொரு தடவை எடுத்தேன். வடக்குக் கதவைக் காட்டினேன், ஆட்கள் வெளியேறினார்கள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வலது கைப்பக்கம் திரும்பப் போறோம் என்று சொன்னேன்.

பன்னிரண்டு நிமிடமும் முடிந்தது. மாரிராஜை விட நான்கு மதிப்பெண் குறைவு, ஆனால் தேறிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றியபோது சொர்ணத்தாய் கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள், அழுதிருந்தாள்.

முதலாளி பெருமாள்சாமியைப் பார்த்து, நீரும் ஒரு தடவை போட்டுப் பாருமேன் என்றார். அவர் மறுக்காமல் உட்கார்ந்தார். ஆனந்தி மாட்டிவிட்டாள். மூன்றாவது நிமிடம், பதினோரு படி ஏறுகிற இடத்தில், நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். பிறகு தானே கழற்றிவிட்டு, குனிந்து கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. உங்களுக்கும் பயமா சார் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. என்னிடம் இன்னொரு கவர் இருந்தது, அதை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார்.

"தப்பாச் சொல்லிட்டேம்மா," என்றார், தலையைத் தூக்காமலே.

அடுத்த திங்கட்கிழமை மருந்துப் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். மாரிராஜ் எனக்கு அடுத்த இடத்தில் இருக்கிறான். கணக்கெழுதுகிற வேலையையெல்லாம் அவன் தலையில் கட்டிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஆனந்தி மறுபடியும் வந்தாள். நடந்ததையெல்லாம் அவள் கம்பெனியில் சொல்லியிருக்கிறாள், தன்னால் ஐந்து நிமிடத்துக்கு மேல் முடியாது என்பதையும் சேர்த்து. அதைக் கேட்டதும் இன்னும் ஆறு பேர் எழுந்து தங்களுக்கும் அப்படித்தான் என்றார்களாம். இப்போது சுழற்றுகிற வேகத்தைக் குறைத்துவிட்டார்கள். தீப்பற்றுகிற பக்கத்தையும் முன்கூட்டியே சொல்லப் போகிறார்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் ஒரு குரல் வர வேண்டும், அந்தக் குரல் உங்களுடையதாக இருக்கட்டும் அக்கா என்றாள். சாத்தூர், சிவகாசி என்று எந்த ஆபீசில் இதைப் போட்டாலும் பெண்கள் காதில் என் குரல்தான் கேட்குமாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சத்தம் வராத இடம் என்று குச்சிக் குடோனில் உட்கார்ந்தோம். அவள் மைக்கை என் சேலையில் குத்திவிட்டு, பேச வேண்டியதை அச்சடித்த தாளைக் கொடுத்தாள். கோயம்புத்தூரில் யாரோ எழுதியது. முதல் வரி, வணக்கம், பயப்படாதீர்கள் என்று இருந்தது. நான் தாளை மடித்துக் கீழே வைத்தேன்.

"பயம்னு யாருட்டி சொன்னா?" என்றேன். "இந்த வரிய எடுத்துரு. நான் சொல்லுதேன்."

ஆனந்தி பொத்தானை அழுத்திவிட்டுத் தலையாட்டினாள்.

"நான் இசக்கிச்செல்வி, மருந்துப் பிரிவு சூப்பர்வைசர். இதப் போட்டா வயித்தப் பிரட்டும். பிரட்டுனா பிரட்டட்டும், அது பயமில்ல. கவர மடியில வச்சுக்கிடுங்க. எது வந்தாலும் முந்தியே சொல்லிட்டு வாரேன். இந்தா, நாலு எட்டுல ஒரு நீல டிரம் வருது. இடது கைப்பக்கம் திரும்பப் போறோம்."